மாசு நீக்கமும் மெய் நீக்கமும்

சீர்திருத்தம் என்று உலகோர் வழங்கும் செயல்களை ஆராய்ந்து நோக்கினால், அவை யாவும் ஒருவகையில் மாசு நீக்கும் தொழிலாகவே முடியும். மூடப் பழக்கம் என்னும் அழுக்கை அறிவினின்றும் களைகிறோம். சாதி என்னும் கறையைச் சமூகத்தினின்றும் கழுவ முயல்கிறோம். கள்ளுக்கடைகளைத் தோட்டங்களினின்றும் அகற்றுவதற்காக நம் முன்னோர் சங்கம் அமைத்துப் பாடுபட்டனர். ஆதலின் மாசு நீக்குதல் நன்று என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஐயம் எழுவது வேறோர் இடத்திலேயாம். நீக்கப்படுவது மாசுதானா? மாசென்று மயங்கி மெய்யையே நீக்கிவிடுகிறோமா? நீக்கிய இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பொறாமல், அங்கே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறோமா? இக்கேள்விகளைப் பெரிய தத்துவ நூல்களைக் கொண்டு ஆராய்வதினும், இன்று வீடுதோறும் நடைபெறும் ஒரு சிறு தொழிலை வைத்து ஆராய்வது எளிது. புகைப்படங்களைத் திருத்தும் தொழிலே அது.

இன்று ஈப்போ பட்டணத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கைப்பேசி இல்லாத குடும்பம் அரிது. கைப்பேசி உள்ள கையெல்லாம் படம் எடுக்கும் கையே. சிம்பாங் பூலாயில் நின்று, கதிர் சாய்ந்த பின் சுண்ணாம்புக்கல் மலைகளைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மலையின் நிழற்பக்கம் முழுவதும் மணலைத் தூவினாற்போலப் பொடிப் புள்ளிகள் நிறைந்திருக்கும். கருமையாக இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துகள்கள் தோன்றும். குகைக் கோயிலின் உள்ளே விளக்கொளியில் எடுத்த படமும், திருமணப் பந்தலில் இரவில் எடுத்த படமும் அவ்வாறே. இத்துகள்களை ஆங்கிலத்தில் 'நாய்ஸ்' என்பர். தமிழில் இரைச்சல் என்று வழங்குகிறோம். கண்ணாற் காணும் பொருளுக்குக் காதாற் கேட்கும் பெயர் வந்தது ஏனெனில், தொலைபேசியிலும் வானொலியிலும் பேச்சினூடே கலந்த வேண்டா ஒலியை ஆராய்ந்த பொறியாளர்களிடமிருந்து படத்தொழில் இச்சொல்லைக் கடன் கொண்டது. இவ்விரைச்சலைத் திருத்தும்போது எவ்வளவு குறைக்கலாம், எம்முறையாற் குறைக்கலாம், எவ்விடத்தில் நிறுத்தவேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இரைச்சலின் பிறப்பு

இரைச்சல் கருவியின் குற்றம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஓரளவுக்கு அது மெய்யே. காமிராவினுள் இருக்கும் மின் உறுப்பு வெப்பத்தாலும், குறைந்த மின் அடையாளத்தை மிகுத்துக் காட்டுவதாலும் தானே சில பொய்த் துகள்களை உண்டாக்குகிறது. ஆயினும் இரைச்சலின் பெரும்பகுதிக்குக் காரணம் கருவியன்று, ஒளியின் இயல்பே. ஒளி நீரோடைபோல் இடையறாது வருவதாக நமக்குத் தோன்றினும், அது தனித்தனித் துளிகளாகவே வந்து விழுகிறது. ஐன்ஸ்டீன் 1905-ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார்.

பால்மரங்களிற் கட்டிய கோப்பைகளை நினைத்துப் பாருங்கள். பெருமழை கொட்டினால் எல்லாக் கோப்பைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் சேரும். நாலு தூறல் மட்டும் விழுந்தால் ஒரு கோப்பையில் மூன்று துளி இருக்கும். அடுத்ததில் ஏழு இருக்கும். மற்றொன்று வறண்டே கிடக்கும். வானம் வஞ்சனை செய்யவில்லை; கோப்பையிலும் குற்றமில்லை; துளிகள் குறைவானமையின் ஏற்றத்தாழ்வு பெரிதாய்த் தெரிகிறது. ஒளியும் அத்தகையதே. கணக்கு இவ்வாறு: ஓரிடத்தில் சராசரியாக நூறு ஒளித்துளிகள் விழுமானால், அவ்வெண்ணிக்கை பத்து அளவுக்குக் கூடியும் குறைந்தும் நிற்கும், அஃதாவது பத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு. பதினாயிரம் துளிகள் விழுமானால் ஏற்றத்தாழ்வு நூறே. அது நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படாது. எங்கே ஒளி குறைந்ததோ அங்கே இரைச்சல் மிகும். இந்த ஒரு வாக்கியத்தை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்வருவன யாவும் இதனின்றே பிறக்கும்.

இனி, இரைச்சல் என்று நாம் ஒதுக்குவதெல்லாம் உண்மையில் பொருளற்றதுதானா என்பதையும் நோக்கவேண்டும். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர் வானலைகளை வாங்கும் பெரியதொரு கருவியை இயக்கிவந்தனர். எத்திசையில் திருப்பினும் மெல்லிய இரைச்சல் ஒன்று அதில் மாறாமல் இருந்தது. கருவியின் பழுதென்று எண்ணி ஒவ்வோர் உறுப்பையும் சோதித்தனர்; உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களை ஓட்டி, அவற்றின் எச்சத்தையும் கழுவினர். இரைச்சல் போகவில்லை. முடிவில் அது பிரபஞ்சத்தின் தொடக்க காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று அறியப்பட்டது. அதற்காக 1978-இல் அவர்களுக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அவ்விருவரும் இரைச்சலை ஒரேயடியாய் வடிகட்டி எறிந்திருந்தால், பேரண்டத்தின் பிறப்புச் செய்தி குப்பையோடு போயிருக்கும். கழுவினார்கள், கழுவியும் போகாததை மதித்தார்கள். அறிவுடையோர் செயல் அதுவே.

மூவகைச் சாட்சி

இரைச்சலைக் குறைக்கும் முறைகள் பல. அவற்றின் உள்ளியல்பை நோக்கின் மூன்றாக அடங்கும். வழக்கு மன்றத்தில் சாட்சிகளை வகைப்படுத்துவதுபோல இவற்றையும் வகைப்படுத்தலாம்.

முதலாவது, அப்பொருளையே மீண்டும் மீண்டும் கேட்பது. அசையாத பொருளை ஒரே நிலையில் பலமுறை படமெடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பர். மெய்யான உருவம் எல்லாப் படங்களிலும் ஓரிடத்தில் நிற்கும். இரைச்சலோ படத்துக்குப் படம் இடம் மாறும். ஆகவே அடுக்க அடுக்க மெய் நிலைக்கும், பொய் கரையும். நான்கு படங்களை அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். பதினாறு படங்களை அடுக்கினால் கால்பங்காகும். இக்காலக் கைப்பேசிகளில் இரவுப் படத்துக்கென அமைந்த முறை பெரும்பாலும் இதுவே. இது நேர்மையான சாட்சி. ஒருவன் சொல்வதை ஒருமுறைக்குப் பலமுறை பொறுமையோடு கேட்டு உண்மை தெளிவதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, அண்டை அயலைக் கேட்பது. ஒரு புள்ளி ஐயத்துக்கிடமானால், அதனைச் சுற்றியுள்ள புள்ளிகளின் நிறத்தைப் பார்த்து அதற்கும் ஏறக்குறைய அந்நிறத்தையே கொடுப்பர். 2005-ஆம் ஆண்டில் புவாதே, கோல், மொரேல் என்னும் மூவர், அண்டைப் புள்ளிகளோடு நில்லாமல் அதே படத்தில் வேறெங்கேனும் இதனையொத்த பகுதி உண்டா என்று தேடிக் கேட்கும் முறையை வகுத்தனர். இவ்வகைச் சாட்சி பயனுடையது. ஆனால் ஒரு குறையும் உடையது. தனித்து நிற்பதை இது நம்பாது. கூட்டத்தோடு ஒத்துப்போகாத புள்ளி எதுவாயினும் அதனை மாசென்றே தீர்ப்பளிக்கும். முகத்திலுள்ள அம்மைத் தழும்பு, நெற்றியில் உதிர்ந்த திருநீற்றுப் பொடி, கைத்தறிச் சேலையின் இழை, கல்லுடைக்கும் தொழிலாளியின் புருவத்தில் படிந்த சுண்ணாம்புத் தூள் ஆகிய இவையெல்லாம் பொடிப் பொடியாகத் தனித்து நிற்பனவே. இரைச்சலோடு இவையும் போய், முகம் மெழுகிற் செய்த பொம்மைபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, அந்நியரைக் கேட்பது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படும் யந்திரத்துக்கு இலட்சக்கணக்கான வேறு படங்களைக் காட்டிப் பயிற்றியிருப்பார்கள். மங்கிய முகம் ஒன்றை அதன் முன் வைத்தால், 'இவ்வாறு மங்கியிருக்கும் முகங்கள் தெளிவாக இருக்கும்போது பெரும்பாலும் எவ்வாறு இருக்கும்' என்று தான் கற்றவற்றினின்றும் ஊகித்து ஒரு முகத்தை வரைந்து கொடுக்கும். சிறிதளவே இரைச்சல் உள்ள நல்ல படத்தில் இம்முறை வியக்கத்தக்க வகையில் உதவுகிறது. அங்கே மெய்யான தடயம் மிகுதியாக இருப்பதால் யந்திரம் அதனை மீறிப்போக இடமில்லை. தடயம் குறையக் குறைய ஊகம் மிகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பல்ஸ்' என்னும் கருவி, மங்கிய சிறு படத்தைத் தெளிந்த முகமாக்கித் தரும் என்றனர். அதில் ஒருவர் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை இட்டார். வெளிவந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! உலகமறிந்த மனிதருக்கே இக்கதியானால், தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளியின் முகம் என்னவாகும்?

நீதிமன்றங்களும் இதனை உணரத் தொடங்கிவிட்டன. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டியில் நடந்த கொலை வழக்கொன்றில், செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கிய காட்சிப் பதிவைச் சாட்சியமாக ஏற்க நீதிபதி மறுத்துவிட்டார். நிகழ்ந்ததைக் காட்டுவதை விடுத்து, எது தோன்றவேண்டும் என்று யந்திரம் கருதுகிறதோ அதனைக் காட்டும் முறை இது என்பது அம்மறுப்பின் சாரம். ஒருவனைத் தண்டிப்பதற்குப் போதாத சாட்சி, ஒருவனை நினைவு கூர்வதற்கு மட்டும் போதுமா என்பது நம் கேள்வி.

நிழலில் நின்றவர்கள்

இக்கேள்வி நம்மவர்க்கு ஏன் முக்கியமாகிறது என்பதை இனிச் சொல்வோம். நம் தோட்டங்களில் பழைய நாளில் எடுத்த கூட்டுப் படங்கள் சில இன்றும் பெட்டியடியிற் கிடக்கின்றன. நடுவே நாற்காலியில் துரை அமர்ந்திருப்பார். அவருக்கு இருபுறமும் கிராணிமார். அடுத்த வரிசையில் கங்காணிமார். அதற்கும் பின்னே, கூரையின் நிழலிலோ மரத்தின் நிழலிலோ தொழிலாளர்கள் ஆணும் பெண்ணுமாக நிற்பர். படமெடுப்பவர் ஒளியளவை யாருக்குப் பொருந்த வைத்தார்? வெள்ளைச் சட்டையும் வெள்ளை முகமும் நன்கு விழுமாறு வைத்தால், நிழலில் நிற்கும் கரிய முகங்களுக்குப் போதிய ஒளி சேராது. அடிக்குறிப்பிலும் இதே நீதிதான். முன்னே இருப்பவர்க்குப் பெயர் உண்டு; பின்னே நிற்பவர் 'தமிழ்க் கூலிகள்' என்ற இரண்டு சொல்லில் அடங்குவர்.

இஃது ஓர் ஊரின் வழக்கமன்று. கோடாக் நிறுவனத்தார் வண்ணப் படச்சுருளைக் கழுவும் கடைகளுக்கு அளவுகோலாக அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் படமே இருந்தது. அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கரிய மேனியர் படத்தில் சரியாக விழாதது அவர்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றவில்லை. மரச்சாமான் விற்போரும் சாக்லேட் விற்போரும் தம் சரக்கின் பழுப்பு நிறங்கள் வேறுபாடின்றித் தெரிகின்றன என்று முறையிட்டது மாற்றத்துக்கு ஒரு காரணமாயிற்று என்று லோர்னா ராத் என்னும் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது!

முன்னர்க் கூறிய விதியை இங்கே நினைவு கூர்க: ஒளி குறைந்த இடத்தில் இரைச்சல் மிகும். அப்பழைய படத்தை இன்று வீட்டு விளக்கின் கீழ்க் கைப்பேசியால் எடுத்து வெளிச்சமாக்கினால், துரையின் முகம் தெளிவாகவே இருக்கும். துகள் மூடிக்கிடப்பவை நம் பாட்டன் பாட்டிமாரின் முகங்களே. இரைச்சல் நீக்கும் கருவியைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் ஓட்டினால் அது யாரை முதலில் துடைக்கும்? எங்கே இரைச்சல் மிகுதியோ அங்கே அதிகமாகத் துடைக்கும். அன்று ஒளி மறுக்கப்பட்டவர்களுக்கு இன்று உருவமும் மறுக்கப்படும். துரைக்கு மீசையின் மயிரும் எஞ்சும். நம்மவர்க்கு மூக்கும் வாயுமே மிஞ்சா. கருவிக்குப் பகையில்லை, வஞ்சமில்லை. முன்பு செய்த அநீதியின்மேல் இன்று சமநீதி என்று ஒன்றைச் செலுத்தினால் விளைவது இதுவே என்பதைச் சமூக விஷயங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களினின்றும் தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுட் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவ்வாறு போனவர்களுள் எத்தனை பேருக்குத் தனிப்படம் இருந்திருக்கும்? அரிதிலும் அரிது. கூட்டுப் படத்தின் கடைசி வரிசையில், நகத்தளவு இடத்தில், ஒரு மங்கிய முகம். அதுவே ஒரு குடும்பத்துக்கு எஞ்சிய முழுச் சொத்து. அம்முகத்தை அறுத்தெடுத்து யந்திரத்தில் இட்டால், கண்ணும் இமையும் பல்லும் தெளியத் துலங்கும் அழகிய முகம் ஒன்று நொடியில் வந்துவிடும். அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சூட்டுகிறார்கள். மாலை யாருக்கு விழுகிறது? எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் வாழ்ந்திராத ஒருவருக்கு. சயாமில் ஒருமுறை காணாமற்போனவர் தம் வீட்டுச் சுவரிலேயே இரண்டாம் முறையும் காணாமற்போகிறார்.

ஓர் ஆட்சேபமும் விடையும்

'இதனால் யாருக்கு என்ன தீங்கு? தாத்தாவின் முகத்தைக் காணாத பேரப்பிள்ளைகள் ஒரு முகத்தைக் கண்டு ஆறுதல் அடைகிறார்கள். தீங்கற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையோடு ஒருங்கு வைக்கலாம் என்று வள்ளுவரே இடங்கொடுத்திருக்கிறாரே' என்று சிலர் வினவக்கூடும். இந்த ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. முகமறியாத துயரம் சிறியதன்று. அத்துயரம் உடையார்க்கே அதன் கனம் தெரியும்.

ஆயினும் வள்ளுவர் கொடுத்த இடம் நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு கூடியது. இங்கே குற்றம் மூன்று. அப்புதுமுகம் வந்தவுடன் பழைய மங்கிய படம் குப்பைக்குப் போகிறது. அஃதாவது பொய் வந்து மெய்யின் இடத்தைப் பறிக்கிறது. அடுத்து, 'மூக்கு எங்கள் பெரியப்பாவினுடையது போல இருக்கும்' என்று சொல்லத் தெரிந்த முதியவரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடுகிறது. படம் வேறு சொல்கிறதே என்று அவரையே மறுக்கிறார்கள். மூன்றாவதாக, யந்திரம் தான் மிகுதியாகக் கண்ட முகங்களின் சாயலையே கொடுப்பதால், கறுப்பு வெளுப்பாகவும், தட்டையான மூக்கு கூரியதாகவும், உழைத்து ஒட்டிய கன்னம் சதைப்பற்றுள்ளதாகவும் மாறுகின்றன. 'அழகாக்கித்' தருகிறேன் என்று கைப்பேசி செய்வதும் இதுவே. இரைச்சலை நீக்கும் சாக்கில் நிறத்தையும் நீக்குகிறது. திருமணப் பேச்சுக்கு அனுப்பும் படங்களில் இது அன்றாட வழக்கமாகிவிட்டது. கறுப்பு நிறத்தை மாசென்று கருதும் மனம் நம்மிடையே இருக்கும்வரை, மாசு நீக்கும் கருவி அம்மனத்துக்கு ஊழியம் செய்யவே செய்யும். தன்மானம் பேசும் நாம் இதனைக் கண்டும் காணாதிருப்பது தகுமா?

அப்படியானால் கற்பனையால் முகம் வரைவதே பாவமோ எனின், அன்று. திருவள்ளுவரின் முகத்தைக் கண்டவர் எவருமிலர், ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா தம் கருத்திற் கண்டு வரைந்த உருவத்தையே தமிழுலகம் ஏற்றுப் போற்றுகிறது. அதனைப் பொய்யென்று யாரும் சொல்வதில்லை. ஓவியம் என்று தெரிந்தே வணங்குகிறோம். புகைப்படம் என்று சொல்லி யாரும் நம்மை ஏமாற்றவில்லை. கற்பனை தன் பெயரோடு வருமானால் கலை. சாட்சியின் வேடம் தரித்து வருமானால் பொய். வேற்றுமை அவ்வளவே.

பதிப்பாசிரியர் காட்டிய நெறி

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி வெளிநாட்டிலில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை மீட்டவர். ஏடும் ஒரு மங்கிய படமே. பூச்சி அரித்த துளையும், ஓரம் முறிந்த இடமும், எழுதினவன் கைப்பிழையும் அதன் இரைச்சல். அவர் செய்த முறையை நோக்குக. ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடி ஊரூராக அலைந்தார். பலவற்றை ஒப்பிட்டு மெய்ப்பாடத்தை நிறுவினார். படங்களை அடுக்கி மெய் காணும் முதல்வகைச் சாட்சியும் இதுவும் ஒன்றே. தாம் கொள்ளாத பாடங்களையும் எறிந்துவிடாமல் அடியிற் குறித்துவைத்தார். எந்த ஏட்டிலும் கிடைக்காத இடத்தில் தாமே பாட்டுக் கட்டி நிரப்பவில்லை. அவருடைய புலமைக்கு அது அரியதா? 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுக்களும் இல்லை. அவ்வெண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. வேறு சில பாட்டுக்களில் சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே அச்சாகியுள்ளன. அப்புள்ளிகள் அந்நூலுக்கு இழுக்கல்ல. இங்கே ஒன்று இருந்தது, நாம் இழந்தோம் என்று அவை சொல்லுகின்றன. அவற்றை நம்பத்தக்கனவாக வைத்ததனாலேயே, நிரம்பிய அடிகளையும் நாம் நம்புகிறோம்.

புகைப்படத் துறையில் எதிர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. சென்னை அரசாங்கத்தாரின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் முதலிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை 1858-இல் இருபத்தொரு படங்களாக எடுத்து ஏறக்குறைய பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டியது அவர் பெருஞ்சாதனை. அந்நாளைய காகித நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாக அழுக்காய் விழும். அந்த மாசை மறைக்க அவர் நெகட்டிவின்மேலேயே வர்ணம் தீட்டினார். சில படங்களில் இல்லாத மேகங்களையும் வரைந்தார். வானத்தில் மேகம் வரைந்ததால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அதே கை கல்வெட்டின் மழுங்கிய எழுத்தை ஊகித்துத் தீட்டியிருந்தால் சரித்திரமே கெட்டிருக்கும். மேகமோ எழுத்தோ என்று பிரித்தறிவதுதான் விவேகம். முகம் எழுத்தைப் போன்றது.

தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதுவோர்க்கும் இந்நெறி புதிதன்று. செக்ரோலில் ஓர் எண் பிழையானால் அதனைச் சுரண்டி அழிக்கலாகாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதிக் கையெழுத்திடவேண்டும். படிக்க முடியாத பெயரை ஊகித்து எழுதலாகாது, ஆளைக் கேட்கவேண்டும். ஒரு நாட்கூலிக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமாயின், ஒருவருடைய முகத்துக்கு எவ்வளவு வேண்டும்?

கைக்கொள்ளத் தக்க முறைகள்

இனி, இல்லங்களில் கடைப்பிடிக்கத்தக்க சில முறைகளைச் சொல்லி முடிப்போம்.

திருத்துவதினும் தடுப்பது மேல். பழைய படத்தைக் கைப்பேசியால் எடுக்குங்கால் இரவு விளக்கின் கீழ் எடுக்காமல், பகலில் வெயில் நேரே படாத திண்ணையில் வைத்து, கைப்பேசியை அசையாதபடி எதன்மேலேனும் நிறுத்தி எடுக்கவேண்டும். கண்ணாடிச் சட்டத்தினின்றும் கழற்றக்கூடுமானால் கழற்றுக. படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பின் பலவந்தமாய் உரிக்கற்க. ஸ்கேனர் உள்ள இடத்தில் அதனைப் பயன்படுத்துவது இன்னும் நன்று. இருட்டில் எடுத்துப் பின்னர் வெளிச்சமாக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

எடுத்த மூலப்படத்தைத் தொடாமல் தனியே காத்து, பிரதியிலேயே திருத்தம் செய்யவேண்டும். வண்ணத் துகள்களை முதலில் நீக்குக. அதனால் உருவம் பெரும்பாலும் கெடுவதில்லை. வெளிச்சமும் இருளுமாய்த் தோன்றும் துகள்களைக் குறைக்கும்போது கை அடங்கவேண்டும். தோலின் நெய்ப்பும் துணியின் இழையும் அவற்றோடு கலந்தே இருக்கின்றன. கூர்மையாக்கும் திருத்தத்தை அதற்குப் பின்னரே செய்க. முன்னதாகச் செய்தால் இரைச்சலையும் கூர்மையாக்கியதாகும். திரையில் பன்மடங்கு பெரிதாக்கிப் பார்த்து அஞ்சவேண்டியதில்லை; அச்சிடும் அளவில் வைத்துப் பார்த்தால் இரைச்சலின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. நிழலிலுள்ள முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, முழுப் படத்துக்கும் வைத்த அளவினும் குறைந்த அளவில் துடைக்கவேண்டும். தழும்போ மாசோ என்று ஐயம் வந்தால் கருவியைக் கேட்காமல் வீட்டிலுள்ள முதியவரைக் கேளுங்கள்.

யந்திரம் ஊகித்து வரைந்த முகத்தை வைத்துக்கொள்ள விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம். 'இது யந்திரம் வரைந்த கற்பனை. மூலப்படம் வேறு உள்ளது' என்று அதன் பின்புறத்தில் எழுதிவைப்பதும், மங்கிய மூலத்தையும் அதனருகிலேயே மாட்டுவதும் கடமை. பேரப்பிள்ளைகள் இரண்டையும் பார்க்கட்டும். எது தாத்தா, எது ஆறுதல் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

எல்லாவற்றினும் பெரிய இரைச்சல் நீக்கம் ஒன்று உண்டு. அதற்குக் கருவி வேண்டா, காசு வேண்டா. கடைசி வரிசையில் நிற்பவர் இன்னார், இன்ன ஊரினின்றும் வந்தவர், இன்னாரின் தந்தை என்று சொல்லத்தக்க முதியோர் சிலர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைந்து வருகிறது. அவர்களிடம் அப்படங்களைக் கொண்டுபோய்க் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிவைப்போமாக. சொல்லத் தெரியாத இடத்தில், 'பெயர் தெரியவில்லை' என்று நேர்மையாய் எழுதுவோமாக. 'தமிழ்க் கூலிகள்' என்று எழுதிய அடிக்குறிப்பின் கீழ் அத்தனை பெயர்களும் ஏறினால், முகம் மங்கியே இருப்பினும் அப்படத்தில் இரைச்சல் குறைந்துவிட்டது என்றே நாம் சொல்வோம்.